ஆடி அமாவாசை மாலையில் சூரிய கிரகணம்: வேலூர்க் கடைத்தெருவில் அறிவியல் விழா நடத்துவது எப்படி?

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, ஆடி அமாவாசை. அன்று மாலை வேலூரில் சூரிய கிரகணம் தெரியும். "உலகமே ஆறு நிமிடம் இருளில் மூழ்கும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி இந்தக் கிரகணத்தைப் பற்றியதுதான். ஆண்டைத் தப்பாகப் போட்டு 2025லேயே அது ஒரு சுற்று வந்துவிட்டது. 2027 நெருங்கும்போது மறுபடியும் வரும்.

ஆறு நிமிடம் என்பது உண்மை. எகிப்தின் லக்சர் நகரை ஒட்டிய பகுதியில் முழு மறைப்பு 6 நிமிடம் 23 விநாடி நீடிக்கும். 'உலகமே' என்பதுதான் பொய். நிலவின் முழுநிழல் சுமார் 250 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையாக ஸ்பெயினின் தென்முனை, வட ஆப்பிரிக்கா, சவுதி அரேபியா, ஏமன், சோமாலியா வழியாகப் போய் இந்தியப் பெருங்கடலில் முடிகிறது. இந்தியா அந்தப் பட்டைக்கு வெளியே இருப்பதால் நமக்குக் கிடைப்பது பகுதி கிரகணம். இருட்டாகாது. ஆனால் சூரியனின் விட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு மறையும். ஊர்கூடிப் பார்ப்பதற்கு இது தாராளம்.

பார்க்கிற இடத்தை அறிவியல் மையத்திலோ கல்லூரி மைதானத்திலோ அமைப்பது வழக்கம். அங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள். கிரகணம் என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறவர்களும், ஆடித் தள்ளுபடிக்குத் துணி எடுக்க வந்தவர்களும், மண்டியில் மூட்டை இறக்குகிறவர்களும் அங்கே வரமாட்டார்கள். அவர்களுக்கும் காட்ட வேண்டுமென்றால் விழா கடைத்தெருவுக்கு வர வேண்டும்.

முதலில் அடிப்படை: ஏன் எல்லா அமாவாசையிலும் கிரகணம் இல்லை?

அமாவாசைதோறும் நிலவு சூரியன் இருக்கும் பக்கம் வருகிறது. ஆனால் நிலவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. வானில் சூரியனின் அகலமே அரைப் பாகைதான். ஆகவே பெரும்பாலான அமாவாசைகளில் நிலவு சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிப் போய்விடும். இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டு. அவற்றின் அருகே அமாவாசை நேரும்போதுதான் கிரகணம். பஞ்சாங்கம் ராகு, கேது என்று கணக்கிடுவது அந்த இரண்டு புள்ளிகளையே. இதைத் தெருவில் சொல்லும்போது 'ராகு கேது பொய்' என்று தொடங்கினால் கேட்பவர் அந்த இடத்திலேயே காதை மூடிக்கொள்வார். 'ராகு கேது எங்கே இருக்கிறது என்று காட்டட்டுமா' என்று இரண்டு கம்பி வளையங்களைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினால் நின்று பார்ப்பார்.

செய்திகளைப் படிக்கும்போது குழப்புகிற சொற்கள் சில உண்டு.

1. ஸ்பரிசம், மத்யமம், மோட்சம். பஞ்சாங்கத்தில் வருபவை. கிரகணம் பிடிக்கும் நேரம், உச்ச நேரம், விடும் நேரம். துண்டறிக்கையில் இந்தச் சொற்களையும் சேர்த்து அச்சிட்டால் வீட்டுப் பெரியவர்களும் வாசிப்பார்கள்.

2. கிரகண அளவு. சூரியனின் விட்டத்தில் எவ்வளவு மறைகிறது என்பது.

3. மறைப்புப் பரப்பு. வட்டத்தின் பரப்பில் எவ்வளவு மறைகிறது என்பது. இதுவும் முந்தையதும் ஒன்றல்ல. விட்டத்தில் பாதி மறைந்தால் பரப்பில் மறைவது சுமார் 39 விழுக்காடுதான். ஒரே கிரகணத்துக்கு ஒரு செய்தித்தாள் 46 என்றும் இன்னொன்று 35 என்றும் போட்டால் பெரும்பாலும் இரண்டுமே சரி. ஒன்று விட்டம், மற்றொன்று பரப்பு.

வேலூரில் கிரகணம் மாலை 4 மணி கடந்ததும் பிடிக்கும், 5 மணிக்குச் சற்று முன்பு உச்சம், 5:45 வாக்கில் விடும். நிமிடக் கணக்குக்குக் கொல்கத்தாவில் உள்ள நிலைசார் வானியல் மையம் வெளியிடும் பட்டியலைப் பார்த்து அச்சிடுங்கள். சென்னைக்குச் சொன்ன நேரத்தை அப்படியே எடுத்துப் போட வேண்டாம்.

இடம்: மாலை வெயிலும் கட்டட நிழலும்

இந்த விழாவில் முதலில் தவறிப்போகக்கூடியது இடத் தேர்வு. உச்சத்தின்போது சூரியன் மேற்கு அடிவானிலிருந்து சுமார் 24 பாகை உயரத்தில்தான் இருக்கும். கிரகணம் விடும்போது 12 பாகை. திசையும் நேர்மேற்கு அல்ல, மேற்கிலிருந்து 14 பாகை வடக்கே தள்ளி.

24 பாகையில் நிழல், பொருளின் உயரத்தைப் போல இரண்டேகால் மடங்கு நீளும். மூன்று மாடிக் கட்டடம் 10 மீட்டர் என்று வைத்தால் நிழல் 22 மீட்டருக்கு மேல். விடும் நேரத்தில் அதே கட்டடத்தின் நிழல் 47 மீட்டர். வடக்கு தெற்காக ஓடும் 10 மீட்டர் அகலத் தெருவில் நான்கு மணிக்கே மேற்கு வரிசைக் கட்டடங்களின் நிழல் தெருவை மூடிவிடும். அங்கே கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றாலும் பார்க்க எதுவும் இருக்காது. ஆகவே கிழக்கு மேற்காக ஓடும் தெரு, அல்லது கோட்டை மைதானம் போலத் திறந்த வெளி.

இடத்தைத் தேர்ந்தபின் ஜூலை கடைசி வாரத்தில் ஒருநாள் 4 மணி, 5 மணி, 5:45 ஆகிய மூன்று நேரங்களிலும் அங்கே நேரில் நின்று பாருங்கள். சூரியனின் பாதை ஒரு வாரத்தில் இரண்டு பாகை அளவே மாறும். மரம், விளம்பரப் பலகை, தண்ணீர்த் தொட்டி எது மறைக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

நிழல் விழும் கடைத்தெரு வீண் என்று அர்த்தமல்ல. அடுத்த பகுதி அதற்குத்தான்.

பந்துக் கண்ணாடி: கடைக்குள் சூரியன்

ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் ஆபத்தில்லாமல் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. செலவும் சொற்பம்.

தேவையானவை: 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் பந்து, உள்ளே நிரப்ப மணல், 2 சென்டிமீட்டர் அளவுள்ள தட்டையான முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு, பந்தைத் தாங்க 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாயில் வெட்டிய ஒரு வளையம். பந்தில் சிறு பிளவு போட்டு மணலை நிரப்பி டேப் ஒட்டுங்கள். மணல் இல்லாவிட்டால் காற்றுக்கு உருளும். கண்ணாடியைப் பிசின் கொண்டு பந்தின் மேல் ஒட்டி, வளையத்தில் உட்கார வையுங்கள். பந்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம், திருப்பிய இடத்தில் நிற்கும்.

இதை வெயில் படும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, ஒளியை எதிர்வரிசையில் இருட்டாக உள்ள கடையின் உட்சுவருக்குத் திருப்ப வேண்டும். 20 மீட்டர் தொலைவில் விழும் சூரியனின் பிம்பம் 18 சென்டிமீட்டர் அகலம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. கண்ணாடித் துண்டு சதுரமாக இருந்தாலும் பிம்பம் வட்டமாகத்தான் வரும், ஏனென்றால் அங்கே விழுவது கண்ணாடியின் வடிவமல்ல, சூரியனின் வடிவம். கிரகணம் பிடித்ததும் அந்தத் தட்டில் கடி விழும்.

இதில் தவறுபவை:

1. கிட்டத்தில் வைப்பது. 2 சென்டிமீட்டர் கண்ணாடிக்கு 15 மீட்டராவது வேண்டும். 3 மீட்டரில் வைத்தால் பிம்பம் 3 சென்டிமீட்டர், அதன் கலங்கல் 2 சென்டிமீட்டர். கடி தெரியாது. தொலைவு குறைவாக இருந்தால் கண்ணாடிமேல் கறுப்புத்தாள் ஒட்டி 5 மில்லிமீட்டர் துளையிடுங்கள். பிம்பம் மங்கும், ஆனால் கூர்மையாகும்.

2. வளைந்த கண்ணாடி. பிளாஸ்டிக் கண்ணாடித் தகடு லேசாக வளைந்திருக்கும், பிம்பம் இழுபட்டுப் போகும். கண்ணாடிக் கடையில் தட்டைக் கண்ணாடியின் கழிவுத் துண்டை வாங்கி வெட்டித் தரச் சொல்லுங்கள்.

3. பிம்பம் நகர்வது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 20 மீட்டரில் பிம்பம் நிமிடத்துக்கு 9 சென்டிமீட்டர் போகும், இரண்டே நிமிடத்தில் தன் அகலத்தையே தாண்டிவிடும். பந்தின் அருகே ஒருவர் கடைசிவரை நிற்க வேண்டும், விலகக் கூடாது.

4. கண்ணாடியைப் பார்ப்பது. ஒளிக்கற்றைக்குள் நின்று கண்ணாடியைப் பார்ப்பது சூரியனையே பார்ப்பது போல. அதனால்தான் கற்றை தலைக்கு மேலே போகும்படி மாடியில் வைக்கச் சொல்கிறோம். கடைக்குள் சுவரை ஒட்டிக் கயிறு கட்டுங்கள்.

இந்த முறையில் இன்னொரு நன்மை, மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. நம் பக்கத்துத் தெருக்களில் கிரகண நேரத்தில் கர்ப்பிணிகளை வெளியே விடமாட்டார்கள். கிரகணத்தின்போது சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் கிளம்புவதில்லை; நிலவு குறுக்கே வந்து ஒளியைக் குறைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லி ஒரு குடும்பத்தை அன்று மாலையே மாற்றிவிட முடியாது, வற்புறுத்துவதும் முறையல்ல. தெருவிலிருந்து ஒரு பந்துக் கண்ணாடியால் அவர்கள் வீட்டு நடைச் சுவரில் சூரியனை விழ வைக்கலாம். வாசலைத் தாண்டாமலே அந்தப் பெண் கிரகணத்தைப் பார்ப்பார். வீட்டாரிடம் கேட்டு, ஒத்துக்கொண்டால் மட்டும்.

ஊசித்துளை: அளவு தெரிந்து செய்ய வேண்டியது

துளை வழியாக விழும் பிம்பத்தின் அகலம், தொலைவில் ஏறத்தாழ 109இல் ஒரு பங்கு. ஒரு மீட்டருக்கு 9 மில்லிமீட்டர். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செருப்புப் பெட்டியில் செய்யச் சொல்வது வழக்கம். 30 சென்டிமீட்டர் பெட்டியில் பிம்பம் 3 மில்லிமீட்டர்கூட வராது, பிள்ளை ஏமாந்துபோகும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் காலணி ஏற்றுமதிக்கு வரும் பெரிய அட்டைப்பெட்டிகள் கிடைத்தால் இரண்டை இணைத்து ஒரு மீட்டருக்கு மேல் நீளமாக்குங்கள். ஒரு மீட்டருக்குத் துளை ஒன்றரை மில்லிமீட்டர், ஐந்து மீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர். அதைவிடச் சிறிதானால் ஒளி போதாது, பெரிதானால் ஓரம் கலங்கும். அட்டையில் நேரடியாகக் குத்தாமல், அலுமினியத் தாளில் குத்தி அட்டையில் ஒட்டினால் துளை சுத்தமாக வரும்.

பூந்திக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தால் தரையில் நூறு பிறைகள் விழும் என்பார்கள். கரண்டியின் துளை பெரியது, துளைகளுக்கு நடுவே இடமோ குறைவு. கிட்டப் பிடித்தால் துளையின் வடிவமே தெரியும், தூரப் பிடித்தால் பிம்பங்கள் ஒன்றோடொன்று கலக்கும். அட்டையில் 2 மில்லிமீட்டர் துளைகளை 3 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்தி 'வேலூர்' என்று எழுதி இரண்டு மீட்டர் தள்ளிப் பிடியுங்கள், ஒவ்வொரு புள்ளியும் ஒரு கடிபட்ட சூரியனாக விழும். பிம்பத்தைத் தரையில் விழவிட வேண்டாம். சாய்வெயிலில் அது இரண்டரை மடங்கு நீண்டு முட்டை போலாகிவிடும். சூரியனை நேராகப் பார்க்கும்படி ஒரு வெள்ளைப் பலகையைச் சாய்த்துப் பிடித்து அதில் வாங்குங்கள்.

கேட்பார்கள்: "வானத்தில் கீழே பிடிச்சிருக்கு, இதில மேலே பிடிச்சிருக்கே?" துளை வழி வரும் ஒளி குறுக்கே கடப்பதால் பிம்பம் தலைகீழ். அன்று வானத்தில் சூரியனின் கீழ் விளிம்பில் பிடித்து, உச்சத்தில் கடி கீழ் இடப்பக்கம் இருந்து, இடப்பக்க விளிம்பில் விடும். பெட்டியில் மேலிருந்து தொடங்கும். தொண்டர்கள் இதை முன்னதாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கண்ணாடியும் கண்ணும்

விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. அதனால் சூரியனைப் பார்த்துக் கண் கெடும்போது எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பார்வையின் நடுவில் ஒரு மங்கல் புள்ளியாக வரும். சிலருக்கு அது போகாமலே நின்றுவிடும். பகுதி கிரகணத்தில் வெறும் கண்ணால் பார்க்கத் தகுந்த நொடி ஒன்றுகூட இல்லை.

கிரகணக் கண்ணாடி ஐஎஸ்ஓ 12312-2 தரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தரம் அனுமதிக்கும் ஒளி அதிகபட்சம் 0.0032 விழுக்காடு, அதாவது ஒரு லட்சத்தில் மூன்று பங்கு. முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், யாரும் அச்சடிக்கலாம். மாட்டிக்கொண்டு அறைக்குள் பாருங்கள்: டியூப்லைட்டோ மேசை நாற்காலியோ தெரிந்தால் குப்பையில் போடுங்கள். கீறல், ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அப்படியே. வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் எண். பட்டறைகளில் சாதாரணமாகப் புழங்குவது 10, 11, அவை போதாது. எக்ஸ்ரே பிலிம், கரிபிடித்த கண்ணாடி, அடுக்கிய கூலிங்கிளாஸ் எதுவும் ஆகாது.

சாணமோ மஞ்சளோ கரைத்த தண்ணீரில் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். இதைத் தனியாக விளக்க வேண்டும், ஏனென்றால் பாதுகாப்பானது என்று நம்பியே செய்கிறார்கள். நாம் பார்ப்பது தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி. கீழே என்ன கரைத்தாலும் மேற்பரப்பு திருப்புவது குறையாது. உச்சிவெயிலில் தண்ணீர் இரண்டு விழுக்காட்டைத் திருப்பும். மாலைச் சாய்வெயிலிலோ பத்து விழுக்காடு. தரம் அனுமதிக்கும் அளவைப்போல மூவாயிரம் மடங்கு.

பயன்படுத்தும் முறையை எல்லாருக்கும் ஒரே வரிசையில் சொல்லுங்கள்: தரையைப் பார், மாட்டு, நிமிர்ந்து பார், குனி, கழற்று. நான்கு பேருக்கு ஒரு கண்ணாடி போதும், மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

தொலைநோக்கி வைத்தால் வடிகட்டி முன்பக்கம் மட்டும். கண் வைக்கும் பக்கம் திருகும் சிறு வடிகட்டிகள் சூட்டில் விரிசல் விடும். முன்வடிகட்டியை மூன்று இடத்தில் டேப் ஒட்டுங்கள், ஆடிக் காற்று கழற்றிவிடும். குறிபார்க்கும் சிறுகுழாயையும் மூடுங்கள். ஆளுக்கு அரை நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரத்தில் 180 பேர்தான் பார்க்க முடியும். விழாவின் மையமாகத் தொலைநோக்கியை வைத்தால் மிச்சமாவது வரிசையும் சண்டையுமே.

உலக்கை நிற்பதும் சோலார் பேனலும்

கிரகணத்தின்போது தாம்பாளத்தில் உலக்கை தானாக நிற்கும் என்பதை முன்தினமே செய்து காட்டுங்கள். நாலரை அடி உலக்கையின் எடைமையம் சுமார் 65 சென்டிமீட்டர் உயரத்தில். அடிப்பூணின் ஆரம் மூன்றரை சென்டிமீட்டர். மூன்று பாகைக்குள் சாய்ந்தால் விழாது. பூண் தட்டையாகவும் தாம்பாளம் ஆடாமலும் இருந்தால் என்றைக்கும் நிற்கும். ஞாயிறு மாலை 5 மணிக்கு ஊர்ப் பாட்டி கையாலேயே நிற்க வைத்துவிட்டு, திங்கள் மாலையும் அவரையே நிறுத்தச் சொன்னால் பேச்சு தேவையில்லை.

ஒளி குறைவதை அளக்க 10 வாட் சோலார் பேனலும் மல்டிமீட்டரும் போதும். வோல்ட்டை அளந்தால் முள் அசையாது, ஏமாற்றமே. மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேனலின் இரு முனைகளையும் அதில் நேரடியாக இணைத்து மின்னோட்டத்தை அளக்க வேண்டும். மாலையில் வெயில் எப்படியும் குறையும் என்பதால் 1ஆம் தேதியும் 3ஆம் தேதியும் அதே நிமிடங்களில் அளந்து, மூன்று வரைகோடுகளையும் ஒரே தாளில் போட்டால்தான் கிரகணத்தின் பங்கு பிரியும்.

நிகழ்ச்சி நிரலும் மேகமும்

3:30 மணிக்கே திரை தயாராக இருக்கட்டும். லக்சரில் முழு மறைப்பு நம் நேரப்படி 3:32 வாக்கில். நேரலையில் அங்கே பகல் இருண்டு, சூரியனைச் சுற்றிய வெளி ஒளிவளையமான கரோனா விரிவதைக் காட்டி, அரைமணி நேரத்தில் தெருவில் அதே நிலவு நம் சூரியனைத் தொடுவதைக் காட்டலாம். வடாற்காட்டில் ஆகஸ்ட் மாலைகளில் இடிமழை சகஜம் என்பதால், மேகம் மூடினாலும் கையில் இருப்பது இந்தத் திரையே. யுபிஎஸ் அவசியம்.

மேகமானால் சொல்ல நம்மிடமே விஷயம் நிறைய. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். 1977இல் யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்டபோது அந்த நிகழ்வைப் பதிவுசெய்த இடங்களில் ஒன்று. 1871 டிசம்பர் 12 முழு கிரகணத்தை அவிநாசியில் நின்று பார்த்த சென்னை வானாய்வக உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாசாரி, 1874இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பொதுமக்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறு நூல் எழுதினார். தெருவுக்கு வானியலைக் கொண்டுவரும் வேலை இங்கே அவ்வளவு பழையது.

சிறு ஊர்களால் முடியுமா என்றால், 2017 ஆகஸ்ட் 21 கிரகணத்தன்று அமெரிக்காவில் அதைச் செய்தவை சிறு ஊர்கள்தான். ஆரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்றே ஓர் ஊர், நம் மெட்ராஸ் துணியின் பெயரால் வந்தது என்பார்கள். ஏழாயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊரில் விழாவே எடுத்தார்கள். அந்த ஆண்டு கண்ணாடிகள் பெருமளவு போனது பொது நூலகங்கள் வழியாக. நம் கிளை நூலகங்களும் அதைச் செய்யலாம்: ஜூலையிலேயே கொடுத்து, மாட்டும் முறையையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் அன்று தெருவில் நெரிசல் குறையும்.

கோயில் நடை சாத்தும் நேரத்தைக் கேட்டு நிரலில் போடுங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு வந்தவர்கள் நடை திறக்கும்வரை காத்திருக்கும் நேரம், காட்டுவதற்கு நல்ல நேரம். சாப்பிடாமல் இருப்பவர்களிடம் சுண்டலை நீட்டி வாதம் செய்ய வேண்டாம். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஓரமாக ஒரு மேசை போதும்.

விட்டபின்

கண்ணாடிகளைத் திரும்ப வாங்கி, கீறல் பட்டவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, நல்லவற்றை மடிக்காமல் காகித உறையில் வையுங்கள். 2031 மே 21 அன்று கொச்சி, தேனி, மதுரை வழியாகக் கங்கண கிரகணம் (நிலவைச் சுற்றிச் சூரியன் வளையமாகத் தெரிவது) போகிறது. வேலூரில் பெரிய பகுதி கிரகணம். ஆனால் அது அக்னி நட்சத்திரத்தில், நண்பகலை ஒட்டி, சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது. தெருவில் கட்டட நிழலும் இருக்காது, பந்துக் கண்ணாடியால் ஒளியைக் கடைக்குள் திருப்புவதும் சிரமம். அன்று வேலை செய்யப்போவது துளையிட்ட அட்டைகளும் புங்கமர நிழலும். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு துளையாகித் தரையெல்லாம் பிறை விழும், பலகையைச் சாய்க்கவும் தேவையிருக்காது. அதற்கு மரம் உள்ள தெருவாகப் பார்த்து இப்போதே குறித்து வைக்கலாம்.